ஒரு ‘ள’வும் ஒரு லைசென்ஸும்

போன மாதம் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். தோசைக்கல் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. “அக்கா, உங்க நம்பரை எங்க டீம் லீட் குடுத்தாரு. வானவில்ல இருந்து யூனிகோடுக்கு மாத்துற கோடு உங்ககிட்ட இருக்காமே? ‘தெளிவு’ங்கிற வார்த்தை உடையாம வர்ற மாதிரி எழுதியிருக்கீங்கன்னு சொன்னாரு” என்றான் ஒரு பையன். வேறொரு மாவட்டம், வேறொரு துறை. வானவில் என்ற பழைய எழுத்துருவில் அடித்த பதிவேடுகளை, இன்று எல்லாக் கணினிகளும் புரிந்துகொள்ளும் யூனிகோடுக்கு மாற்றும் ஒப்பந்த வேலை. 2013-ல் நான் எந்த வேலையில் சேர்ந்தேனோ, கிட்டத்தட்ட அதே வேலை.

“இருக்குப்பா. ஆனா குடுக்க முடியாது” என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அக்கா கஞ்சம் என்று நினைத்திருப்பான். அன்றைக்கு அவனிடம் சரியாக விளக்க முடியவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ‘ள’ விஷயம். தமிழ்நாட்டு அரசு 2010-ல் யூனிகோடையும், டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டு முறையையும் எழுத்துருத் தரமாக அறிவித்தது. ஆனால் அதற்கு முன்னால் பல வருடங்களாக அடித்துச் சேர்த்த கோப்புகள் பழைய எழுத்துருக்களில்தான் கிடந்தன. அந்த எழுத்துருக்களில் எழுத்து என்பது கண்ணுக்குத் தெரியும் வடிவம், அவ்வளவுதான். ‘கொ’ என்று அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடிலோ க முதலில் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். ஆகவே மாற்றும்போது கொம்பைத் தூக்கிப் பின்னால் வைத்துக் காலோடு சேர்க்க வேண்டும். இதுவரை சுலபம்.

சிக்கல் ‘கௌ’வில். தட்டச்சுப் பொறிக் காலத்திலிருந்தே கொம்பு, க, ள என்று மூன்றையும் வரிசையாக அடித்து ‘கௌ’ ஆக்கிவிடுவார்கள். ஔகாரத்தின் சிறகுக்கும் ‘ள’ என்ற எழுத்துக்கும் வடிவம் ஒன்றே. அப்படியென்றால் கொம்பு, த, ள என்று வந்தால் அது ‘தௌ’வா, ‘தெள’வா? கண்ணை மூடிக்கொண்டு ஔ ஆக்கினால் ‘கௌரி’ சரியாக வரும். ‘தெளிவு’ வரும்போது ‘தௌ’வுக்குப் பின்னால் ஒரு கொக்கி அந்தரத்தில் தொங்கும். ‘வெளியூர்’, ‘வெளிநடப்பு’, எல்லாம் போச்சு. எதையும் ஔ ஆக்காமல் விட்டால் கௌசல்யா, பௌர்ணமி, வௌவால் எல்லாம் பாழ். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தேடும்போதுதான் தெரியும்: கௌசல்யா என்று யூனிகோடில் அடித்துத் தேடினால் பட்டியலில் அந்தப் பெயரே இருக்காது. ஒரு அம்மா சான்றிதழ் கேட்டு வந்து நிற்கிறார், கணினி ‘பதிவு இல்லை’ என்கிறது. அவர் பெயர் உள்ளேதான் இருக்கிறது, வேறு எழுத்தில் இருக்கிறது.

நான் கண்டுபிடித்த வழி பெரிய வித்தை ஒன்றுமில்லை. ள-வுக்குப் பின்னால் இன்னொரு உயிர்க்குறி வந்தால் அது எழுத்து, வராவிட்டால் சிறகு, அதற்கும் அடங்காத சொற்களுக்கு ஒரு விதிவிலக்குப் பட்டியல். அந்தப் பட்டியலைச் சேர்க்கத்தான் நாளானது. ஊர்ப்பெயர்கள், வீட்டுப்பெயர்கள், அப்பா பெயர் தாத்தா பெயர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, சந்தேகம் வந்தால் பதிவேட்டின் காகிதப் பக்கத்தையே புரட்டிப் பார்த்து, நானும் என்னோடு வேலை பார்த்த இரண்டு பேரும் மூன்று மாதம் உட்கார்ந்தோம். அந்த மூன்று மாதச் சம்பளம் மக்கள் கட்டிய வரி.

அப்புறம் ஒப்பந்தம் முடிந்தது. இயங்கும் மென்பொருளைக் கொடுத்தோம். மூலநிரலை, அதாவது மென்பொருளை உருவாக்க நாங்கள் எழுதிய வரிகளை, யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த நிறுவனம் சில வருடங்களில் மூடப்பட்டுவிட்டது. சர்வர் மாற்றியபோது மென்பொருளும் போனது. மூலநிரலின் ஒரு நகல் என்னுடைய பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. இப்போது அந்தப் பையன் கேட்கும்போது, ‘இந்தா’ என்று கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறதா?

இல்லை. நானே எழுதியது என்பதால் அது என்னுடையது ஆகிவிடாது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தை அச்செடுத்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். கணினி நிரல் அந்தச் சட்டத்தின்படி ‘இலக்கியப் படைப்பு’. முதல் தடவை படித்தபோது சந்தோஷமாக இருந்தது. 17-ஆம் பிரிவுப்படி, வேலைக்கு இருப்பவர் வேலையில் எழுதினால் முதல் உரிமையாளர் முதலாளி. அரசின் கட்டளையிலோ கட்டுப்பாட்டிலோ உருவானது என்றால் அது ‘அரசுப் படைப்பு’. மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் உரிமையாளர் அரசு. ஆக, என் கோடு ஒன்று மூடப்பட்ட நிறுவனத்துடையது, அல்லது துறையுடையது. எப்படியும் என்னுடையது இல்லை.

28-ஆம் பிரிவுதான் என்னை உட்கார வைத்தது. அரசுப் படைப்புக்கு 60 ஆண்டு பதிப்புரிமை. எப்போதிருந்து? முதலில் வெளியிடப்பட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து. வெளியிடவே இல்லையென்றால்? அந்த 60 ஆண்டுக் கணக்கு தொடங்கவே தொடங்காது. அரசிதழில் வந்தவை, விளக்கவுரையோடு சேர்த்துப் போடும் சட்டங்கள், தீர்ப்புகள் இவற்றையெல்லாம் யாரும் மறுபதிப்பு செய்யலாம் என்று 52-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. அந்த வரிசையில் அரசு எழுதவைத்த நிரலுக்கு இடமில்லை. ஆக, டிராயரில் பூட்டி வைத்த அரசு நிரல், சட்டப்படி பார்த்தால், பூட்டியபடியே இருக்கும்.

அமெரிக்காவில் இது தலைகீழ். அங்கே மத்திய அரசு ஊழியர் வேலையாக எழுதியதற்கு அந்நாட்டில் பதிப்புரிமையே கிடையாது. சட்டத்தின் 105-ஆம் பிரிவு. ஆனால் ஒப்பந்த நிறுவனம் எழுதினால் அந்த விதி பொருந்தாது. இங்கேயும் பெரும்பாலான கோடு ஒப்பந்தக்காரர்கள் எழுதுவதுதான் என்பதால், அமெரிக்காவைப் பார்த்து ஏங்குவதில் நமக்குப் பெரிய பயன் இல்லை. நமக்கு வேண்டியது ஒப்பந்தத்தில் ஒரு வரி.

நம் ஊரில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது, அதை யாரும் மென்பொருளோடு சேர்த்துப் பேசுவதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். நாட்டுடைமை. பாரதியாரின் படைப்புகளின் உரிமையை 1949-ல் சென்னை அரசு வாங்கியது. 1955-ல் அவற்றைப் பொதுவாக்கியது. அதன்பிறகு இன்றுவரை நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகளை, வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து, தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. எங்கள் ஊர்ப் பழைய புத்தகக் கடையில் பாரதி கவிதைகள் ஆறேழு பதிப்பகத்தார் போட்டது அடுக்கியிருக்கும். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எழுத்தாளரின் குடும்பத்திடம் காசு கொடுத்து உரிமையை வாங்கி மக்களிடம் கொடுக்கத் தெரிந்த அரசு இது. நிரல் விஷயத்தில் காசு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. உரிமத்தை எழுதி வைப்பது ஒன்றுதான் பாக்கி.

மத்திய அரசு இதைப் பற்றி யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2015-ல் இரண்டு கொள்கைகள் வந்தன. ஒன்று, அரசு அலுவலகங்கள் மென்பொருள் வாங்கும்போது, நிரல் திறந்திருக்கும் ‘திறந்த மூல’ மென்பொருளையும் கட்டாயம் பரிசீலிக்கும்படி விற்பவரிடம் சொல்ல வேண்டும், அதைத் தவிர்ப்பவர் காரணம் காட்ட வேண்டும் என்கிறது. இன்னொன்று, அரசுச் செயலிகளின் மூலநிரலையே திறந்துவிட்டு மற்ற துறைகள் எடுத்தாள வழிசெய்வது பற்றியது. அதற்கென ஓப்பன்ஃபோர்ஜ் என்ற களஞ்சியமும் 2017-ல் வந்தது. இரண்டையும் படித்தபோது என் மூன்று மாத வேலையை யாரோ பக்கத்திலிருந்து பார்த்து எழுதியது போல இருந்தது. ஆனால் நான் கையில் எடுத்துப் பார்த்த டெண்டர் ஆவணங்கள் எதிலும் இந்தக் கொள்கைகளின் வாசனைகூட இல்லை. கொள்கை டெல்லியில் இருக்கிறது. டெண்டரோ போன வருட டெண்டரைப் பார்த்து அடித்தது.

சரி, நிரலைத் திறந்து போட்டால் போதுமா? கொரோனா தொற்றைத் தடமறிய மத்திய அரசு கொண்டுவந்த ஆரோக்கிய சேதுவை நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரல் 2 அன்று செயலி வந்தது. மே 26 அன்று ஆண்ட்ராய்டு பதிப்பின் மூலநிரலை, யாரும் எடுத்து மாற்றலாம் என்கிற அப்பாச்சி 2.0 உரிமத்தில், நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் போட்டார்கள். அன்று ராத்திரியே உட்கார்ந்து படித்தேன், பெருமையாகவே இருந்தது. ஆனால் தகவல் போய்ச் சேரும் சர்வர் பக்கத்து நிரல் அதில் இல்லை. அது வர அந்த ஆண்டுக் கடைசி ஆயிற்று. ஜெர்மனியின் கொரோனா செயலி ஜூன் 16 அன்று வந்தது. அதே அப்பாச்சி உரிமம்தான். ஆனால் செயலி மக்கள் கைக்கு வருவதற்கு முன்பே செயலி, சர்வர் இரண்டின் நிரலும் வெளியே இருந்தன. ஆட்கள் படித்தார்கள், பிழை சொன்னார்கள், திருத்தினார்கள். உரிமம் ஒன்றே, எப்போது, எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு.

பிரான்சின் வருமானவரி கதை இதைவிடப் பாடம். வரி கணக்குப் போடும் நிரலைக் காட்டு என்று ஒருவர் கேட்டார், வரித்துறை மறுத்தது. நிர்வாக ஆவணங்களை அணுகுவது பற்றிய அங்குள்ள ஆணையம், மூலநிரலும் காகிதக் கோப்பைப் போல நிர்வாக ஆவணம்தான் என்று 2015-ல் கருத்துச் சொன்னது. கோர்ட்டுக்கும் போய், 2016 ஏப்ரலில் நிரல் வெளிவந்தது. அதே ஆண்டு டிஜிட்டல் குடியரசுச் சட்டத்தில் மூலநிரல் என்ற சொல்லே ஏறியது. ஆனால் அந்த நிரல் ‘எம்’ என்ற, வரித்துறைக்குள் மட்டும் புழங்கும் மொழியில் இருந்தது. அதைக் கணினி இயக்கும்படி மாற்றித் தரும் கம்பைலர் வெளியே வரவில்லை. படிக்கலாம், ஓட்ட முடியாது. பிறகு இன்ரியா என்ற பிரெஞ்சுக் கணினி ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ‘எம்லாங்’ என்று ஒரு கம்பைலரைத் தாங்களே எழுதவேண்டி வந்தது. நம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இப்படி ஒரு வழக்கு நடந்து, ‘நிரலும் ஆவணமே’ என்று ஒரு தீர்ப்பு வரவேண்டும் என்பது என் ஆசை.

எஸ்டோனியா இணைய வாக்குப்பதிவு சர்வரின் நிரலை 2013-ல் வெளியிட்டபோது, வணிகப் பயன்பாடும் மாற்றமும் கூடாது என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைப் போட்டது. பார், தொடாதே. அது கட்டற்ற மென்பொருள் ஆகாது. பயன்படுத்த, படிக்க, மாற்ற, பகிர, இந்த நான்கு சுதந்திரமும் இருந்தால்தான் அந்தப் பையனுக்கு என் ‘ள’ பட்டியல் உதவும். அதே எஸ்டோனியா, துறைகளுக்கிடையே தகவல் பரிமாறும் எக்ஸ்-ரோடு மென்பொருளை, கிட்டத்தட்ட நிபந்தனையே இல்லாத எம்ஐடி உரிமத்தில் விட்டது; இன்று பின்லாந்தும் ஐஸ்லாந்தும் அதை வைத்துத்தான் துறைகளை இணைக்கின்றன.

எந்த உரிமம் நல்லது என்று என்னைக் கேட்டால், எனக்கு ஏஜிபிஎல். எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும். எம்ஐடி போட்டதால்தான் டிவாக் எளிதாகக் கடல் தாண்டியது என்று நண்பர் ஒருவர் வாதிடுவார். கோவின் தளம் தந்த கொரோனா தடுப்பூசிச் சான்றிதழுக்குப் பின்னால் இருந்த டிவாக் மென்பொருளை இலங்கையும் பிலிப்பைன்ஸும் எடுத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் நான் பார்த்த வேலைச் சூழல் வேறு. ஒரு துறைக்கு எழுதிய நிரலை இன்னொரு நிறுவனம் எடுத்து, மேலே ஒரு வண்ணம் பூசி, மூடி, அடுத்த துறைக்கு முழு விலைக்கு விற்க எம்ஐடி தடை சொல்லாது. மாற்றியவரும் நிரலைத் திறந்தே கொடுக்க வேண்டும் என்கிற ஜிபிஎல் உரிமம் சொல்லும், ஆனால் மென்பொருளை யாருக்காவது கொடுத்தால்தான் அதன் நிபந்தனை உயிர்பெறும். அரசு மென்பொருள் யார் கைக்கும் போவதில்லை, சர்வரிலேயே ஓடுகிறது. ஏஜிபிஎல் அந்த ஓட்டையை அடைக்கிறது: இணையம் வழியே பயன்படுத்துபவருக்கும் மாற்றிய நிரலைத் தரவேண்டும். இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கும் மனிதருக்கும் நிரல் கேட்கும் உரிமையைக் கொண்டுபோய்ச் சேர்க்க நினைக்கும் உரிமம் அது. எனக்கு அது பிடித்திருக்கிறது. எழுத்துரு மாற்றி மாதிரிச் சின்ன நூலகங்களுக்கு மட்டும் தளர்ந்த உரிமம் போதும், எங்கும் நுழையட்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் தனக்கென்றே 2007-ல் இயூபிஎல் என்று ஒரு உரிமம் செய்தது. அதன் 1.2 பதிப்பு 23 மொழிகளில் இருக்கிறது. எந்த மொழியில் படித்தாலும் சமமான சட்ட மதிப்பு. மால்டாக்காரர் மால்டியத்தில் படித்துக் கையெழுத்துப் போடலாம். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஓர் ஏக்கம். தமிழில், ஒரு தாசில்தாரும் ஒரு ஒப்பந்தக்காரரும் வக்கீல் இல்லாமல் படித்துப் புரிந்துகொள்ளும் ஒரு உரிமம், ஆங்கிலத்துக்குச் சமமான மதிப்போடு.

பாதுகாப்பு என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். நிரலைக் காட்டினால் திருடன் வருவான் என்று. அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ, எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு மென்பொருளை 2000-ல் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது. இன்று உங்கள் கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அது அதற்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ரகசியமே தொழிலாக உள்ளவர்கள் செய்ததை, பிறப்புச் சான்றிதழ் கொடுக்கும் துறை செய்யலாம். கடவுச்சொல்லும் மக்களின் விவரமும் களஞ்சியத்துக்குள் போகக்கூடாது. அது வேறு ஒழுக்கம், அதை எப்படியும் கடைப்பிடிக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பழைய அலுவலகத்துக்குப் போனேன். மாடிப்படியில் அதே இரும்புக் கைப்பிடி. இப்போதைய அதிகாரி என்னைவிட இளையவர், மரியாதையாக உட்காரச் சொன்னார். ஒரு பக்கத்தில் மனு எழுதிக் கொண்டுபோயிருந்தேன்: அன்றைக்கு எழுதிய எழுத்துரு மாற்றியின் நிரல் துறையுடையதானால், அதைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட அனுமதிக்க வேண்டும். படித்துவிட்டு, “மேடம், நீங்களே எழுதினது, நீங்களே வச்சிருக்கீங்க. எங்ககிட்ட எதுக்கு அனுமதி?” என்றார்.

“எழுத்துல இல்லைன்னா நாளைக்கு எடுத்துப் பயன்படுத்துற பையனுக்குப் பிரச்சினை வரும் சார்” என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். “அடுத்த டெண்டர்ல இதுக்கு என்ன எழுதணும்? சொல்லுங்க, குறிச்சுக்கறேன்” என்றார். நான் எதிர்பார்க்கவில்லை. அவர் மேசையிலிருந்த துண்டுக் காகிதத்திலேயே எழுதிக் கொடுத்தேன்: ‘இந்த ஒப்பந்தத்தின்கீழ் எழுதப்படும் மூலநிரல் முழுவதும், அதைக் கட்டமைத்து இயக்கத் தேவையான கோப்புகளோடும் விளக்கங்களோடும், ஏஜிபிஎல் 3 உரிமத்தின்கீழ் பொதுவில் வெளியிடப்பட வேண்டும். கடைசித் தவணை அதன்பிறகே வழங்கப்படும்.’ இரண்டாவது வாக்கியத்தைப் படித்ததும் நிமிர்ந்து பார்த்தார். அதுதான் முக்கியம் சார் என்றேன். மனுவுக்குத் தபால் பிரிவில் முத்திரை போட்டு ரசீது வாங்கி வந்தேன். பதில் இன்னும் வரவில்லை.

பையனுக்கு அதுவரை காத்திருக்க முடியாது. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தைப் பார்க்கச் சொன்னேன். எம்ஐடி உரிமம், அதில் பழைய எழுத்துருக்களை யூனிகோடாக்கும் பகுதி இருக்கிறது. மேற்கொண்டு ‘ள’ விதியைப் போனிலேயே வாயால் சொன்னேன். பதிப்புரிமை எழுதிய நிரலுக்குத்தான், யோசனைக்கு இல்லை. அது என் தலையில் இருக்கிறது, யாருக்கும் சொல்லலாம்.

விதிவிலக்குப் பட்டியலை மட்டும் பழைய கோப்பைத் திறக்காமல், புதிதாக, என் சொந்த நேரத்தில், என் சொந்தக் கணினியில் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு புது ஃபோல்டர் உருவாக்கி, உள்ளே முதலில் உரிமக் கோப்பை வைத்தேன். அப்புறம் சோதனைக்கு நான்கு சொற்கள் அடித்தேன்: தெளிவு, கௌரி, வெளியூர், வௌவால்.